சோறாக இருந்த வரகு தொடுகறி ஆன கதை

போன தை மாசம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டு நடுவில் கொஞ்சம் சோறு. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் அவரைக்காயும் வரகரிசியும் சேர்த்துத் தாளிச்ச பொரியல். "அப்பா, உங்க சுகருக்கு நல்லதுன்னு செஞ்சேன். சோத்துக்குத் தொட்டுக்கங்க"ன்னு சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க ஆயா மட்டும் உயிரோட இருந்து இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருக்கும்னு நினைச்சேன். எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். "வரகைத் தொட்டுக்கிட்டு நெல்லுச் சோறு தின்றீங்களா? நாங்க நெல்லுச் சோத்தைக் கண்ணுல பார்க்கறதே வருஷத்துல நாலு நாளுதாண்டா"ன்னு சொல்லியிருக்கும்.

தட்டு நடுவில் இருந்த தானியம் ஓரக் கிண்ணத்துக்கு எப்படிப் போச்சு? ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ஸில் இதே யோசனை. எங்க ஊர்க் கதையும், என் உடம்பில் ஏறின சர்க்கரையும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கறதா எனக்குத் தோணுச்சு. அதைத்தான் எழுதறேன்.

எங்க ஊர் நெட்டப்பாக்கம். புதுச்சேரிக்குத் தென்மேற்கே இருக்கு. பஸ்ஸில் வந்தா வழியில் தமிழ்நாடு போர்டு, புதுச்சேரி போர்டுன்னு மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்கள் இப்படித்தான் துண்டு துண்டா கிடந்தது. தென்கிழக்கே பாகூர் ஏரி. தென்பெண்ணை ஆத்துத் தண்ணி சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியா வந்து அந்த ஏரியில் விழும். அதனால பாகூர் பக்கம் ஆதிகாலத்திலிருந்தே நெல்லுதான். 9ஆம் நூற்றாண்டிலேயே பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் பாகூரில் இருந்த கல்லூரிக்கு மூணு ஊரை எழுதி வெச்ச செப்பேடு இருக்கு. அவ்வளவு பழைய ஊர், அவ்வளவு பழைய ஏரி.

ஆனா ஏரித் தண்ணி எல்லா நிலத்துக்கும் ஏறாது. தண்ணி பாயற நிலம் கழனி. மேட்டில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலம் கொல்லை. பட்டணத்தில் கொல்லைன்னா வீட்டுப் பின்பக்கம்னு நினைப்பீங்க. எங்களுக்குக் கொல்லைன்னா மானாவாரி நிலம். கழனியில் விளைஞ்சது நிலக்காரருக்கும் கோயிலுக்கும் வரிக்கும் போச்சு. சனங்க வயித்துக்குக் கொல்லைதான் சோறு போட்டது. கேழ்வரகு, கம்பு, வரகு, தினை, சாமை. நடுநடுவே அக்கடி போட்டு துவரை, காராமணி, மொச்சை, அவரை. தானியமும் பருப்பும் ஒரே கொல்லையில் விளைஞ்சு ஒரே சட்டியில் வெந்தது.

நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான். ஆனா எங்க தமிழய்யா சொன்னது ஒண்ணு மறக்கல. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடின ஒரு பாட்டில், உணவுன்னா இந்த நாலுதான்னு ஒரு கணக்கு வரும். வரகு, தினை, கொள்ளு, அவரை. நெல்லு அந்தக் கணக்கில் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போற பாணனுக்கு முல்லை நிலத்து சனங்க வரகுச் சோத்தோட அவரைப் பருப்பை வேகவெச்சுப் போடுவாங்க. அதுக்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்த ஔவையார் தனிப்பாட்டில் வரகரிசிச் சோறு, சுட்ட கத்தரிக்காய், புளிச்ச மோர் மூணும் ஒரே இலையில் வரும். மகள் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்த வரகும் அவரையும் நேத்து வந்த ஜோடி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாத ஜோடி.

அந்த ஜோடியை முதல்ல பிரிச்சது எதுன்னு கேட்டா, நெல்லுன்னு சொல்வீங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மல்லாட்டைதான். வேர்க்கடலையை நாங்க அப்படித்தான் சொல்வோம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்ஸ் நாட்டு மார்செய் ஊரில் எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் மல்லாட்டையைக் கப்பல் கப்பலா வாங்கினாங்க. அந்தச் சரக்கு புதுச்சேரி துறைமுகம் வழியாப் போச்சு. தென்னார்க்காடு ஜில்லாவும் எங்க பக்கமும் மல்லாட்டைக் காடு ஆனது அப்போதான். வரகு போட்டா வீட்டுக் குதிருக்கு வரும். மல்லாட்டை போட்டா கையில் காசு வரும். வரி கட்டணும், கடன் அடைக்கணும், பொண்ணைக் கட்டிக் கொடுக்கணும். யார்தான் வரகு போடுவாங்க? இருந்தாலும் கொல்லையில் ஒரு ஓரம் வரகுக்குன்னு இருந்துகிட்டேதான் இருந்தது.

எங்க ஊர்ப் பேர் சரித்திரப் புத்தகத்தில் வர்றது 1954க்காக. அந்த வருஷம் மார்ச் கடைசியில் எதுவார் குபேரும் அவர் கூட இருந்தவங்களும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏத்தி, விடுதலை பெற்ற தற்காலிக அரசுன்னு அறிவிச்சாங்க. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோட சேரலாம்னு சொன்னாங்க. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறினது. எங்க அப்பாவுக்கு அப்போ பத்து வயசு. கொடி ஏத்தின கூட்டத்தைப் பார்த்துட்டு வீட்டுக்கு ஓடி வந்து என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். "வேற என்ன, கேவுரு கூழும் காஞ்ச மிளகாயும்தான்"னு சொன்னார்.

அதுக்கு அப்புறம்தான் வேகம். கரண்டு வந்தது. போர் போட்டாங்க. 1966இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. குட்டைப் பயிர். உரம் போட்டா சாயாது, கதிர் கனமா பிடிக்கும். நம்ம ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ஏ.டி.டி. 27உம் அந்தச் சமயத்தில்தான் பரவினது. பின்னாடி ஐ.ஆர். 20, அப்புறம் பொன்னி, 1986இல் வெள்ளைப் பொன்னி. போர்த் தண்ணி மேட்டுக்கும் ஏறினதால கொல்லை எல்லாம் கழனி ஆச்சு. கழனி ஆகாத மேட்டில் கரும்பு, சவுக்கு. வரகுக்கு இருந்த கடைசி ஓரமும் போச்சு.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியே ஆகணும். பட்டணத்தில் சிலர் பேசும்போது, யாரோ நம்ம கையிலிருந்து சிறுதானியத்தைப் பிடுங்கிட்டுப் போன மாதிரி பேசறாங்க. அப்படி இல்லைங்க. நாங்களேதான் விட்டோம். சந்தோஷமா விட்டோம்.

வரகுக்கு ஒரு தோல் இல்லை, அடுக்கடுக்கா உமி. களிமண் பூசின திரிகையில் போட்டு அரைக்கணும், முறத்தில் புடைக்கணும், மறுபடி திரிகை, மறுபடி முறம், அப்புறம் உரல். ஒரு வேளைச் சோத்துக்கு ரெண்டு பொம்பளைங்க விடியக்காலம் எழுந்து ரெண்டு மணி நேரம் வேலை செய்யணும். அதுக்கு அப்புறம்தான் களை எடுக்கப் போகணும். எங்க ஆயா உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். பக்கத்தில் ரைஸ் மில் வந்து, அரை மணியில் மூட்டை நெல்லு வெள்ளையா அரிசியாகி வெளியே வந்ததைப் பார்த்தப்போ, ஆயா அந்த மில் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டுச்சாம். அம்மா சொல்வாங்க. அந்தக் கும்பிட்டைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொண்ணு, மரியாதை. சம்பந்தி வந்தா நெல்லுச் சோறு. தீபாவளி, பொங்கலுக்கு நெல்லுச் சோறு. களியும் கூழும் இல்லாதப்பட்டவன் சாப்பாடு. நாங்க பள்ளிக்கூடத்துக்குக் கேவுரு அடை எடுத்துட்டுப் போனா மூடி வெச்சு ஒளிச்சுத் தின்போம். அப்பா முதல் தடவை மூணு போகம் நெல்லு எடுத்த வருஷம், "இனி இந்த வீட்டுல யாரும் கூழு குடிக்க வேணாம்"னு சொன்னார். அது ஒரு விவசாயி ஜெயிச்ச நாள். திரிகை புளியமரத்தடிக்குப் போச்சு. கோழி அதுமேல ஏறி நிக்கும்.

அப்புறம் ரேஷன் அரிசி வந்தது, பின்னாடி இலவச அரிசியும் வந்தது. 2015 செப்டம்பரிலிருந்து புதுச்சேரியில் ரேஷன் தானியத்துக்குப் பதிலா வங்கிக் கணக்கில் பணம் போடற திட்டத்தை மத்திய அரசு சோதனையா ஆரம்பிச்சது. அரிசியா வந்தாலும் பணமா வந்தாலும், வீட்டுக்குள்ள வந்தது வெள்ளை அரிசிதான். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூணும் அரிசி. காய்னு பேருக்கு ரெண்டு ஸ்பூன். ஆயா தட்டில் தானியம் பாதி, கீரை காய் பருப்பு பாதி. அது வசதியால வந்ததில்லை. கொல்லையில் அதுதான் கிடைச்சது.

அதே நெல்லுச் சோத்தை அப்பாவும் மலை மாதிரி தின்னார். அவருக்கு ஒண்ணும் ஆகல. ஏர் பிடிச்சார், அண்டை கழிச்சார், கட்டுத் தலையில் சுமந்தார். என் காலத்தில் டிராக்டர் உழுது, மிஷின் அறுக்குது. நான் வரப்பில் நின்னு செல்போனில் பேசறேன். உழைப்பு பாதியாச்சு, சோறு மட்டும் குறையல.

2023 ஜூன் மாசம் ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்த கணக்கு வெளிவந்தது. இருபது வயசுக்கு மேல் உள்ளவங்களில் இந்தியா முழுக்க 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவில் 26.4. அதுக்கு அடுத்து எங்க புதுச்சேரி, 26.3. அதாவது எங்க தெருத் திண்ணையில் நாலு பெரியவங்க உட்கார்ந்திருந்தா ஒருத்தருக்குச் சர்க்கரை. 2020இல் 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வருஷக்கணக்கில் கவனிச்ச ஆய்வு ஒண்ணும் வந்தது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடறவங்களையும் 150 கிராமுக்குக் கீழ் சாப்பிடறவங்களையும் ஒப்பிட்டாங்க. அதிகம் சாப்பிடறவங்களுக்குச் சர்க்கரை வர்ற வாய்ப்பு கூட, அதிலும் நம்ம தெற்காசியாவில்தான் ரொம்பக் கூட. இதைக் கேள்விப்பட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. அந்த அரிசியை விளைவிச்சவன் நான்தானே.

எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சது 2018இல். என் மச்சானுக்கு அதுக்கு முன்னாடியே இருந்தது. வரப்பில் முள்ளு குத்தினதைக் கவனிக்காம விட்டு, கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துகிட்டே, "மச்சான், சேத்துல இனி எப்படி இறங்குவேன்?"னு கேட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

பயத்தில் உடனே ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். டவுனில் போய்த் தினை அரிசியும் வரகரிசியும் பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வந்து, நெல்லுச் சோறு தின்ன அளவுக்கே தட்டு நிறையக் குவிச்சுத் தின்னேன். சிறுதானியம்தானே, எவ்வளவு தின்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்பு. ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா சர்க்கரை குறையவே இல்லை. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "ஐயா, அதுவும் மாவுச்சத்துதான். என்ன தானியம்ங்கறதைவிட எவ்வளவுங்கறதும், அது கூட என்ன சேர்த்துச் சாப்பிடறீங்கங்கறதும் முக்கியம்"னாங்க. அந்தப் பாக்கெட்டைப் பிரிச்சுப் பார்த்தப்போ இன்னொண்ணும் புரிஞ்சது. வரகரிசி முத்து மாதிரி வெள்ளையா இருந்தது. ஆயா குத்தின வரகரிசி அப்படி இருக்காது. பழுப்பா, தவிடு ஒட்டி இருக்கும். நெல்லை என்ன பண்ணினோமோ அதையே வரகுக்கும் பண்ணி, நாரையெல்லாம் தீட்டி எடுத்துட்டு, சத்து தானியம்னு பேர் வெச்சு விக்கறோம்.

அடுத்த ஆடியில் அரைக் காணியில் வரகு விதைச்சேன். எங்க பக்கம் ஒரு காணின்னா நூறு குழி, ஏக்கர் கணக்கில் 1.32. ஊரில் சிரிச்சாங்க. உரம் கேட்கல, மருந்து கேட்கல, தண்ணியும் மழையோட சரி. மார்கழியில் அறுத்தேன். மழையில் நனைஞ்ச கட்டை மட்டும் தனியா ஒதுக்கிட்டேன். நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச வரகைத் தின்னா தலை சுத்தும், மயக்கம் வரும்னு ஆயா சொல்லும். அது மூடநம்பிக்கை இல்லை, பூஞ்சை விஷம்தான் காரணம்னு இப்போ ஆராய்ச்சிக்காரங்களும் சொல்றாங்க. உமி நீக்கற மிஷினில் கொண்டுபோய்க் கொடுத்து, "மேல் உமி மட்டும் போகட்டும், தீட்ட வேணாம்"னு சொன்னேன். மிஷின்காரர், "இப்படிப் பழுப்பா இருந்தா பட்டணத்துக்காரங்க வாங்க மாட்டாங்களே"ன்னார். எனக்குத் தின்னத்தான்னேன்.

இனி அந்தக் கிண்ணத்து விஷயத்துக்கு வர்றேன். இப்போ எங்க வீட்டில் வாரத்தில் மூணு நாலு நாள் செய்யறது இது. நாலு பேருக்குக் கணக்கு சொல்றேன்.

தீட்டாத வரகரிசி 100 கிராம் போதும். மூணு தண்ணி கழுவி ஒரு மணி நேரம் ஊற வைங்க. ஊறின அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணி கொதிக்க வெச்சு, அதில் போட்டு மூடி, சின்னத் தணலில் வேக விடுங்க. குழையக் கூடாது. வெந்ததும் தாம்பாளத்தில் கொட்டி ஆற விட்டா உதிரி உதிரியா இருக்கும்.

காய் அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. நாட்டு அவரைக்காய் முக்கால் பங்கு, நாராய் உரிச்சு நறுக்கினது. மீதிக்குப் பச்சை மொச்சையோ காராமணியோ. பருவம் இல்லைன்னா பிஞ்சுக் கத்தரி, கொத்தவரை, முருங்கைக்கீரை எதுவும் சேரும். மொச்சையை முதல்ல வேகவெச்சுடுங்க. அவரைக்கு மஞ்சள்தூள், உப்பு, கை தெளிச்ச தண்ணி, அஞ்சாறு நிமிஷம். பச்சை நிறம் போகக் கூடாது.

அப்புறம் ஒரு கைப்பிடி மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி, ரெண்டு காஞ்ச மிளகாய், நாலு பல் பூண்டோட கொரகொரன்னு இடிச்சுக்கங்க. வாணலியில் ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பதினஞ்சு சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கினதும் காயைப் போட்டு ஒரு பிரட்டு, வரகரிசியைப் போட்டு ஒரு பிரட்டு, கடைசியில் மல்லாட்டைப் பொடியைத் தூவி இறக்கிடுங்க. வாணலியில் பார்த்தா காய்க்கு நடுவில் வரகு தெரியணும், வரகுக்கு நடுவில் காய் தெரியக் கூடாது. அதுதான் அளவு. கூட ஒரு டம்ளர் புளிச்ச மோர். இதைச் சாப்பிடற அன்னைக்குச் சோறு பாதியாக் குறையணும். சோத்தையும் அதே அளவு வெச்சுகிட்டு இதையும் சேர்த்துத் தின்னா, நான் பண்ணின முட்டாள்தனத்தைத்தான் நீங்களும் பண்றீங்க. மாத்திரை, ஊசி போடறவங்க சாப்பாட்டு அளவை மாத்தும்போது டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

மல்லாட்டையை இடிக்கும்போதெல்லாம் நான் என் மனைவிகிட்ட சொல்வேன். கொல்லையை விட்டு வரகை விரட்டினதே இந்த மல்லாட்டைதான், இப்போ ரெண்டும் ஒரே சட்டியில் கிடக்குது பாருன்னு. "அதுங்களுக்குள்ள என்ன சண்டை? மனுஷன் காசுக்கு அலைஞ்சதுக்கு அதுங்க என்ன பண்ணும்?"னு அவங்க கேட்பாங்க.

2018ஐ இந்திய அரசு சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினது. 2023ஐ ஐ.நா. சபை உலகம் முழுக்கக் கொண்டாடினது. நல்லதுதான். ஆனா வருஷம் முடிஞ்சா கொண்டாட்டம் முடிஞ்சுடும். நான் எல்லாரும் களிக்கும் கூழுக்கும் திரும்பணும்னு சொல்லல. ஆயாவை மறுபடி திரிகை முன்னாடி உட்கார வைக்க எனக்கு மனசு இல்லை. நானும் நெல்லை விடல, மீதிக் கழனியில் இப்பவும் பொன்னிதான், அதை வித்துத்தான் குடும்பம் ஓடுது. ஆயா தட்டில் வருஷத்துக்கு நாலு நாள் நெல்லு. என் தட்டில் ஒரு நாள் விடாம மூணு வேளையும் நெல்லு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்குமே, அதைத் தேடறேன். ஓரக் கிண்ணத்திலிருந்து ஆரம்பிச்சா தப்பில்லைன்னு இப்போ தோணுது. மகள் சரியாத்தான் செஞ்சிருக்காள். நான்தான் சிரிச்சுட்டேன்.

என் சர்க்கரை இப்போ கட்டுக்குள்ள இருக்கு. மாத்திரையும் உண்டு, தினம் விடியக்காலம் கல்மண்டபம் பக்கம் நடையும் உண்டு, இந்தக் கிண்ணமும் உண்டு. எது எவ்வளவு வேலை செஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. மச்சான் ஒரு ரப்பர் செருப்பை மாட்டிகிட்டு மறுபடி வரப்புக்கு வர்றார். சேத்தில் இறங்கறதில்லை. கொல்லையில் இறங்கறார். வரகுக்குச் சேறு வேணாமே.

புளியமரத்தடித் திரிகையைக் கழுவி எடுத்து வெச்சிருக்கேன், அரைக்க இல்லை, பேரப்பசங்க பார்க்கட்டும்னு. விதைக்கு நாலு படி வரகு வேப்பிலை போட்டுக் கட்டி வெச்சாச்சு. ஆடி வரட்டும்.